காலி இடத்தின் கணக்கு

ஸ்ரீ கெம்பாங்கானின் பெரிய ஏரியை வெட்டியவர்கள் ஏரி வெட்ட வந்தவர்கள் இல்லை. ஈயம் தேடி வந்தவர்கள். ஹோங் ஃபாட் சுரங்கம் என்று அதற்குப் பெயர். உலகிலேயே பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று ஒரு காலத்தில் பேசப்பட்ட இடம். 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் மலேசியச் சுரங்கத் தொழில் படுத்துவிட்டது. தோண்டிப் போட்ட பள்ளங்களில் மழை நிரம்பியது. சுமார் 150 ஏக்கர் பரப்புள்ள இந்தப் பள்ளத்தைச் சுற்றி இன்று ஓட்டல்களும் மாநாட்டு மண்டபமும் 'தி மைன்ஸ்' பேரங்காடியும் நிற்கின்றன. பேரங்காடிக்குள் ஓடும் படகுக் கால்வாயைப் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு, காலுக்கடியில் இருப்பது சுரங்கக் குழி என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் இப்படிப்பட்ட ஈயக்குட்டைகள் சிதறிக் கிடக்கின்றன. சில பூங்காவாகின. சில மண் கொட்டித் தூர்க்கப்பட்டு, மேலே கடை வீடுகள் ஏறின. சிலவற்றில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. நான் இந்த அத்தியாயத்தைக் குட்டையில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நகரம் பெருமழையையும் வெயிலையும் தாங்குமா, தான் விடும் கரிவளியைக் குறைக்குமா என்பதை அது எதைக் கட்டுகிறது என்பதைவிட, எதைக் கட்டாமல் விட்டுவைக்கிறது என்பதே முடிவு செய்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கை எவ்வளவு படித்தாலும் நான் வந்து சேரும் இடம் இதுதான்.

ஸ்ரீ கெம்பாங்கானின் பழைய பெயர் செர்டாங் பாரு. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சி நடந்த அவசரகாலத்தின்போது, 1950களின் தொடக்கத்தில், காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த சீனக் குடும்பங்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து குடியேற்றிய புதுக்கிராமங்களில் ஒன்று. சுற்றிலும் சுரங்கங்களும் ரப்பர் தோட்டங்களும். தோட்டங்களில் நம்மவர்கள். பிறகு தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. செர்டாங் ராயா, செர்டாங் ஜெயா, தாமான் இகுவைன் என்று தாமான்கள், அதாவது வீடமைப்புக் குடியிருப்புகள், வரிசையாக எழுந்தன. மழைநீரைச் சுமந்து போக இருக்கும் ஆறு குயோ ஆறு. பூச்சோங் பக்கம் போய்க் கிள்ளான் ஆற்றில் சேர்கிற சின்ன ஆறு. தோட்டமும் காடும் இருந்த காலத்துத் தண்ணீருக்கு அதன் அகலம் போதும். சிமெண்டுக்கு மாறிய நிலத்தின் தண்ணீருக்குப் போதவே போதாது.

ஏன் போதாது? மழையை மில்லிமீட்டரில் சொன்னால் மனத்தில் ஏறாது. லிட்டரில் பார்ப்போம். ஒரு வரிசை வீட்டின் கூரை ஏறக்குறைய 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்து, இரண்டு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் கொட்டித் தீர்க்கும் மழை இங்கே அபூர்வம் இல்லை. அந்த ஒரு கூரையில் மட்டும் 10,000 லிட்டர் விழுகிறது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 லட்சம் லிட்டர், அதாவது 1,000 கன மீட்டர். 100 ஹெக்டேர் தாமானில் ஒரு லட்சம் கன மீட்டர்.

அதே மழை காட்டில் விழுந்தால் நடப்பது வேறு. முதலில் இலை பிடிக்கிறது. பிறகு சருகு உறிஞ்சுகிறது. வேர்களும் மண்புழுக்களும் துளைத்து வைத்த மண்ணுக்குள் ஒரு பங்கு இறங்குகிறது. மிச்சம்தான் ஓடையைத் தேடிப் போகிறது. அதுவும் மணிக்கணக்கில், தவணை தவணையாகப் போகிறது. தாமானில் ஓடு, சிமெண்டு முற்றம், தார்ச்சாலை, கான்கிரீட் கால்வாய் என்று தண்ணீருக்கு வழுக்குப்பாதை போட்டுக் கொடுத்திருக்கிறோம். விழுந்த நீரில் பத்தில் ஒன்பது பங்கு சில நிமிடங்களில் கால்வாய்க்கு வந்துவிடுகிறது. எல்லாத் தாமான்களின் எல்லாக் கூரைகளும் ஒரே நேரத்தில் ஒரே ஆற்றுக்குள் கொட்டுகின்றன. நாம் திடீர் வெள்ளம் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தண்ணீரின் அளவைவிட அது வந்து சேரும் வேகம் ஊரை முக்குகிறது.

இதன்மேல் சூடாகும் காற்று தன் பங்கைச் சேர்க்கிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். பெய்யும்போது அந்தக் கூடுதல் சுமையும் சேர்ந்தே இறங்கும். கால்வாய்க்கு அளவு குறித்த பொறியாளர் 30 ஆண்டுக்கு முந்தைய மழைப் பதிவுகளை வைத்துக் குறித்தார். கால்வாயின் அகலம் அப்படியே இருக்கிறது. மேலே பெய்யும் மழை மாறிக்கொண்டிருக்கிறது.

2021 டிசம்பரில் அந்த மாற்றம் எல்லார் வீட்டு வாசலுக்கும் வந்தது. தென்சீனக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு, தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் நின்றுவிடாமல் குறுக்கே கடந்து மேற்குப் பக்கம் வந்தது. டிசம்பர் பருவமழை என்றால் கிளந்தானுக்கும் திரங்கானுவுக்கும் உரியது, நமக்கென்ன என்று இருந்த சிலாங்கூர் மக்கள் தயாராக இல்லை. கோலாலம்பூரில் ஒரு நாளில் 231 மில்லிமீட்டர் பெய்ததாக அரசு சொன்னது. அந்த இடத்தின் ஒரு மாதச் சராசரியைவிட அது அதிகம். ஷா ஆலாமில் கிள்ளான் ஆற்றோரத் தாழ்நிலமான தாமான் ஸ்ரீ மூடாவில் ஒரு மாடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. கூரைமேல் இரவைக் கழித்தவர்களை, எங்கிருந்தோ படகு ஏற்பாடு செய்துகொண்டு வந்த முகம் தெரியாதவர்கள் இறக்கினார்கள். கோயில்களும் குருத்துவாராக்களும் பள்ளிவாசல்களும் சோறு சமைத்து அனுப்பின. நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பொருள் இழப்பைப் புள்ளிவிவரத் துறை 610 கோடி ரிங்கிட் என்று கணக்கிட்டது. அதில் பாதி சிலாங்கூரில்.

தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆறு உயர்ந்துவிட்டால் தாமானின் கால்வாய்கள் ஆற்றுக்குள் வடிய முடியாது. கடல் ஏற்றம் சேர்ந்துகொண்டால் ஆறும் கடலுக்குள் வடியாது. கிள்ளான் துறைமுகத்தில் கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஐந்து மீட்டர் வரை வித்தியாசம் வருவதுண்டு. மேலே ஸ்ரீ கெம்பாங்கானிலும் சுபாங்கிலும் பூச்சோங்கிலும் தண்ணீரைச் சீக்கிரம் தள்ளிவிட்டுப் பெருமூச்சு விட்டால், கீழே கிள்ளானில் யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் அது போய் நிற்கும். ஆற்றின் மேல்பக்கம் இருப்பவனுக்கு இருக்கும் கடமையை நான் இதிலிருந்துதான் புரிந்துகொள்கிறேன்.

தள்ளிவிடுவதுதான் நெடுங்காலம் இந்த நாட்டின் பொறியியலாக இருந்தது. கால்வாயை அகலமாக்கு, நேராக்கு, கான்கிரீட் போடு. 1971 ஜனவரியில் கோலாலம்பூரை மூழ்கடித்த பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தும் பணிகள் வேகம் எடுத்தன. அவை தேவைதான். ஆனால் நகரம் வளரும் வேகத்துக்கு ஆற்றை அகலமாக்கிக்கொண்டே போக முடியாது. இருபுறமும் கட்டடம் வந்துவிட்டது. 2001இல் வடிகால், நீர்ப்பாசனத் துறை ஒரு புதிய கையேட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 'மஸ்மா' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். பல நூறு பக்கங்களில் அது சொல்வதன் சாரம் இதுதான்: மழை எங்கே விழுகிறதோ அங்கேயே அதைப் பிடித்து வை, மெல்ல விடு. புதிதாகத் தாமான் கட்டுகிறவர், கட்டுவதற்கு முன் அந்த நிலத்திலிருந்து ஆற்றுக்குப் போன நீரின் வேகத்தைக் கட்டிய பிறகு கூட்டக்கூடாது. நூறு கோபுரங்களைவிட இந்த ஒரு விதியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த விதியால் வந்ததுதான் தாமான் ஓரங்களில் கம்பிவேலி போட்டு வைத்திருக்கும் தேக்கக் குளம். பலர் அதைக் கொசு வளர்க்கும் பாழ்நிலம் என்று நினைக்கிறார்கள். அடுத்த முறை வேலியோரம் நின்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் பெரிய கால்வாய் வந்து விழும். இரண்டு ஆள் நுழையும் அகலம். எதிர்ப்பக்கம் சிமெண்டுத் தொட்டி மாதிரி ஒரு அமைப்பு. அதன் அடியில் ஒரு சின்னத் துளை. குளத்தின் மூளை அந்தத் துளையில் இருக்கிறது. பெரிய வாயால் வாங்கிக்கொண்டு சின்ன வாயால் விடுவதுதான் அதன் வேலை. நாற்பது நிமிடத்தில் வந்த தண்ணீர் ஐந்தாறு மணி நேரம் எடுத்துக்கொண்டு வெளியேறும். குளம் நிரம்பி வழிந்தால் பாதுகாப்பாகப் போக மேலே ஒரு கலிங்கும் இருக்கும். துளையின் முன்னால் கம்பி வலை. அந்த வலையில் ஒரு பழைய மெத்தை, நாலு நெகிழிப் பை, ஒரு வாழைக்குலைத் தண்டு சிக்கிக்கொண்டால் போதும், குளம் மழைக்கு முன்பே நிரம்பிக் கிடக்கும். நிரம்பிய குளம் வெள்ளத்துக்கு உதவாது. காலியாக இருக்கும்போதுதான் அது வேலை செய்யத் தயாராக இருக்கிறது. வண்டலை வாருவதும் வலையைச் சுத்தம் செய்வதும் யாரும் திறப்புவிழா நடத்தாத வேலைகள். வெள்ளத்தைத் தடுக்கும் வேலைகளில் முக்காலும் இப்படிப்பட்டவைதான்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். தமிழ்நாட்டின் ஏரிகள் சங்கிலித் தொடராக வெட்டப்பட்டவை. மேலே உள்ள ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஊர் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னால், பராமரிப்பு என்பது பதவிக்குரிய வேலையாக இருந்தது. அந்த அறிவு மறந்துபோன இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அரை நூற்றாண்டில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. 2015 டிசம்பரில் தென்சென்னை மிதந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பெருமைக்குரிய பெரிய வேலை ஸ்மார்ட் சுரங்கப்பாதை. 2007இல் திறந்தார்கள், ஏறக்குறைய 190 கோடி ரிங்கிட் செலவு. 9.7 கிலோமீட்டர் நீளம், 13 மீட்டர் விட்டம். அம்பாங் பக்கம் கம்போங் பெரெம்பாங்கில் பெருவெள்ளத்தை உள்ளே இழுத்து, நகர மையத்தைத் தொடாமல் நிலத்துக்கடியில் கொண்டுபோய்த் தாமான் டேசா குளத்தில் விடுகிறது. நடுவே மூன்று கிலோமீட்டருக்கு இரண்டு அடுக்குச் சாலை. சாதாரண நாளில் கார்கள் ஓடும். மிதமான மழையில் சாலைக்குக் கீழே உள்ள அடித்தளத்தில் தண்ணீர் ஓடும், மேலே கார்களும் ஓடும். பெருமழையில் சாலையை மூடி, ஆட்கள் இல்லை என்று உறுதி செய்து, கதவுகளைத் திறந்துவிடுவார்கள். முழுக் குழாயும் ஆறாகிவிடும். சுண்ணாம்புக் கல்லும் பழைய சுரங்கப் பள்ளங்களும் நிறைந்த, எப்போது உள்வாங்கும் என்று சொல்ல முடியாத மண்ணில் இதைக் குடைந்திருக்கிறார்கள். மஸ்ஜித் ஜாமெக் பகுதியைப் பலமுறை காப்பாற்றிய வேலை இது.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்மார்ட் அமைப்பு முழுவதும் சேர்ந்து ஒரே நேரத்தில் சுமார் 30 லட்சம் கன மீட்டர் நீரைப் பிடித்து வைக்கும். 100 மில்லிமீட்டர் மழையில் அது 30 சதுர கிலோமீட்டரில் விழும் நீர். கிள்ளான் ஆற்றுப் படுகையின் பரப்போ 1,288 சதுர கிலோமீட்டர். சுரங்கப்பாதை தண்ணீரைத் தேக்குவதோடு கடத்தியும் விடுகிறது என்பதால் அதன் பயன் இந்தக் கணக்கைவிடப் பெரியது. இருந்தாலும் எத்தனை சுரங்கம் தோண்டினால் இந்தப் படுகை முழுவதையும் காப்பாற்றலாம்?

இப்போது ஈயக்குட்டைக்கு வருவோம். 150 ஏக்கர் என்றால் 60 ஹெக்டேர். அந்தப் பரப்புள்ள ஒரு ஏரியில், மழைக்காலத்துக்கு முன் நீர்மட்டத்தை அரை மீட்டர் இறக்கி வைத்தால் மூன்று லட்சம் கன மீட்டருக்கு இடம் கிடைக்கும். ஸ்மார்ட் சுரங்கத்தின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, ஒரே ஒரு குட்டையில், வெறும் அரை மீட்டரில். குழி ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. மடையும் மதகும் மட்டும் வேண்டும். கோலாலம்பூரின் வடக்கே பத்து, ஜின்ஜாங் பகுதிகளில் பழைய ஈயக்குட்டைகளை இப்படித்தான் வெள்ளத் தேக்கக் குளங்களாக மாற்றியிருக்கிறார்கள். வறட்சிக்கும் அதே குட்டை உதவும். 2014இல் சிலாங்கூரில் தண்ணீருக்குப் பங்கீடு வந்தபோது பழைய குட்டைகளின் நீரை ஆற்றுக்கு இறைக்கும் திட்டம் வந்தது. சுரங்கக் குட்டை நீரில் கன உலோகங்கள் இருக்கலாம் என்று மக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது. குடிநீருக்கு எடுப்பதானால் சோதித்துத்தான் எடுக்க வேண்டும். வெள்ளத்தைப் பிடிக்க அந்தத் தடை இல்லை.

குட்டைக்கு உண்மையான எதிரி லாரியில் வரும் மண். நகர நிலத்தின் விலை ஏறும்போது, பயன்படாமல் கிடக்கும் தண்ணீர்ப் பரப்பு என்று யாரோ ஒருவர் கண்ணில் அது படுகிறது. கோலாலம்பூரில் சில தேக்கக் குளங்களின் நிலம் தனியார் கைக்குப் போனது பெரிய சர்ச்சையானதைப் பத்திரிகை படிப்பவர்கள் அறிவார்கள். குளம் என்று எல்லாரும் அழைப்பதால் மட்டும் ஒரு நிலம் சட்டப்படி குளமாகிவிடாது. அரசிதழில் அது வெள்ளத் தேக்கத்துக்கென்று அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அறிவிக்காத குளம் வெறும் மனை.

காட்டுக்கும் இதே கதிதான். ஸ்ரீ கெம்பாங்கானுக்கும் பூச்சோங்குக்கும் இடையே ஆயர் ஹீத்தாம் வனக்காப்பகம் இருக்கிறது. 1906இல் அதை அறிவித்தபோது 4,000 ஹெக்டேருக்கும் மேல். இன்று மிஞ்சியது சுமார் 1,200. அதுவும் மிஞ்சியதற்குக் காரணம், செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகம் தன் வனவியல் படிப்புக்காக 1990களில் அதை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டதுதான். நாலா பக்கமும் தாமான்கள் நெருக்கும் நடுவே இன்னும் உயர்ந்த மரங்கள் நிற்கின்றன. அந்த 1,200 ஹெக்டேரும் 100 மில்லிமீட்டர் மழையில் 12 லட்சம் கன மீட்டர் நீரைத் தலையில் வாங்கி, அதைத் தவணையில் கீழே விடுகிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம், மதகு வேண்டாம். மரத்திலும் மண்ணிலும் பூட்டி வைத்திருக்கும் கரிமத்தையும் அது வெளியே விடாமல் காக்கிறது. வெட்டினால் அந்தக் கரிமம் வானுக்குப் போகும், தண்ணீர் தாமானுக்கு வரும், நிழல் போய் வெயில் வரும். ஒரே கோடாரியில் மூன்று நட்டம்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கிறது என்பதைத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வானிலையியலாளர் ஷாம் சானி 1970களிலேயே கோலாலம்பூரில் அளந்து எழுதத் தொடங்கிவிட்டார். பகலில் வெயிலை வாங்கிக்கொண்ட கான்கிரீட், இரவில் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. இரவு பதினொரு மணிக்கும் அறை ஆறுவதில்லை. அதனால் குளிர்சாதனம். அது அறைக்குள் இருக்கும் வெப்பத்தைச் சந்துக்குள் கொட்டுகிறது. அடுத்த வீட்டுக்காரரும் போடுகிறார்.

ஒரு குதிரைத்திறன் பழைய ரகக் குளிர்சாதனம் இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஆறு யூனிட் மின்சாரம் இழுக்கும். மாதம் 180 யூனிட். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் நிலக்கரியும் எரிவாயுவும்தான் பெரும்பங்கு. கிள்ளானை அடுத்த காப்பாரில் உள்ள பெரிய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு யூனிட்டுக்குச் சுமார் முக்கால் கிலோ கரிவளி. ஆக, மாதம் 135 கிலோ. காரையும் பாருங்கள். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்வர நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் என்றால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் ஒரு மைவி கார் மாதத்தில் 22 வேலைநாளுக்கு ஏறக்குறைய 59 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஒரு லிட்டருக்கு 2.3 கிலோ கரிவளி. அதுவும் மாதம் 135 கிலோ. ஓர் அறையின் குளிரும் ஓர் ஆளின் வேலைப் பயணமும் ஒரே எடை.

மலேசியா 2050க்குள் கரிவளியில் நிகர சுழியம் என்று சொல்லியிருக்கிறது. 2005ஐ ஒப்பிட்டு, பொருளாதார உற்பத்தியின் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் வெளியேறும் கரிவளியை 2030க்குள் 45 விழுக்காடு குறைப்பதாகவும் வாக்களித்திருக்கிறது. மின்சாரத்தில் நிலக்கரியைக் கைவிடுவது அரசின் வேலை. அதை நகரம் செய்ய முடியாது. நகரத்தின் கையில் இருப்பது வேறு: மக்கள் எங்கே வீடு எடுக்கிறார்கள், வேலைக்கு எப்படிப் போகிறார்கள், வீடு எவ்வளவு சூடாகிறது என்பவை.

2023 மார்ச் 16 அன்று புத்ராஜெயா எம்ஆர்டி இரயில் தடம் முழுமையாகத் திறக்கப்பட்டது. 57.7 கிலோமீட்டர். இந்த வட்டாரத்துக்கு மட்டும் செர்டாங் ராயா வடக்கு, செர்டாங் ராயா தெற்கு, செர்டாங் ஜெயா, புத்ரா பல்கலைக்கழகம், தாமான் இகுவைன், புத்ரா பெர்மாய் என்று ஆறு நிலையங்கள். மாதம் 50 ரிங்கிட் கொடுத்தால் இரயிலிலும் பேருந்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். 59 லிட்டர் பெட்ரோலோடு ஒப்பிட்டால் கேட்கவே வேண்டாம். பிறகு ஏன் சுங்கை பீசி சாலை காலையில் இன்னும் அடைத்துக்கொள்கிறது?

நிலையத்தை விட்டு இறங்கி நடந்து பார்த்தால் தெரியும். மாலை ஐந்தரை மணி. படிக்கட்டுக்குக் கீழே நடைபாதை நன்றாகத்தான் தொடங்குகிறது. ஐம்பதடியில் ஒரு கால்வாய் மூடி உடைந்து கிடக்கிறது. அடுத்து நடைபாதைமேல் நிறுத்திய கார். சாலையில் இறங்கித்தான் சுற்ற வேண்டும். மரம் இல்லை. தார் விடும் அனல் கணுக்காலில் அடிக்கிறது. அரைக் கிலோமீட்டர்தான் வீடு. ஆனால் கையில் பையும் கூடவே பிள்ளையும் இருக்கும் ஒரு தாய்க்கு அது அரைக் கிலோமீட்டர் இல்லை. அவர் அடுத்த மாதம் மோட்டார்சைக்கிளுக்குத் தவணை கட்டத் தொடங்கினால் யார் குறை சொல்வது? பல நூறு கோடி போட்ட இரயிலைப் பயனில்லாமல் ஆக்க, நிழல் இல்லாத கடைசி ஐந்நூறு மீட்டர் போதும்.

வெள்ளமும் வெயிலும் கரிவளியும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் அந்த ஐந்நூறு மீட்டர். நடைபாதையோரம் கான்கிரீட்டைக் கொஞ்சம் பெயர்த்து, மண்ணைத் தாழ்வாக விட்டு, அங்கே வரிசையாக மரம் வைத்தால், மழையில் முதல் சில சென்டிமீட்டரை அந்த மண் வாங்கிக்கொள்ளும். நிழலில் மக்கள் நடப்பார்கள். நடந்தால் இரயில் நிறையும். கார் குறைந்தால் கார் நிறுத்துமிடமும் குறையும். ஒரு காருக்கு, திரும்பும் பாதையையும் சேர்த்து, சுமார் 25 சதுர மீட்டர் தார் தேவைப்படுகிறது. அந்தத் தார் 100 மில்லிமீட்டர் மழையில் இரண்டரை டன் நீரைக் கால்வாய்க்குத் தள்ளும். வெயில் நாளில் அடுப்புக்கல்லாகக் கிடக்கும். நிலையத்தைச் சுற்றி நாலு மாடி, பத்து மாடி என்று நெருக்கமாக வீடுகள் வரட்டும். அந்த நெருக்கம்தான் தொலைவில் உள்ள சரிவையும் குட்டையையும் காட்டையும் விட்டுவைக்க வழி செய்யும். தரை வீடாகப் பரந்து பரந்து போனால் கடைசியில் ஆயர் ஹீத்தாம்தான் மிஞ்சும் மனை.

மரம் விழும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 மே மாதத்தில் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பழைய மரம் ஒன்று சாய்ந்து ஒருவர் இறந்தார். பயம் புரிகிறது. வேரைச் சுற்றிச் சிமெண்டு பூசி, குழாய் பதிக்க வேரை அறுத்து, பிறகு மரம் நிற்கவில்லை என்றால் எப்படி நிற்கும்? வேருக்கு இடம் விட வேண்டும். ஆண்டுதோறும் தெரிந்தவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க எனக்கு மனமில்லை. பசுமை நகரம் என்றால் எல்லாரும் புத்ராஜெயாவைக் காட்டுவார்கள். 1997-98இல் கட்டிய அதன் சதுப்புநிலம் உண்மையிலேயே அழகான அறிவியல். ஏறக்குறைய 200 ஹெக்டேரில் 24 பாத்திகள். மேலிருந்து வரும் நீர் ஒவ்வொரு பாத்தியாகக் கோரைக்கும் நாணலுக்கும் நடுவே தவழ்ந்து, அழுக்கைக் கொடுத்துவிட்டு ஏரிக்கு இறங்குகிறது. ஆனால் அந்த நிலம் பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் படையினர் 1921இல் தொடங்கியது. உலகமெங்கும் நட்ட பிபி ரக ரப்பர்க் கன்றுகளில் உள்ள இரண்டு எழுத்தும் அந்தத் தோட்டத்தின் பெயர்தான். அந்த மரங்களைச் சீவிய தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் ஊரிலுள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போயின. அந்தச் சுவர்களில் விழுந்த விரிசல்கள் பல ஆண்டுகள் செய்தியாகின. நீருக்கும் நாணலுக்கும் இவ்வளவு கவனமாக இடம் ஒதுக்கத் தெரிந்த திட்டத்தில், அந்த மண்ணில் மூன்று தலைமுறை உழைத்தவர்களுக்கும் அதே கவனம் கிடைத்திருக்க வேண்டும். காலநிலைக்கு ஈடுகொடுக்கும் நகரம் என்ற பெயரில் நாளை ஆற்றோரக் குடியிருப்புகளை அகற்ற வரும்போது, எங்கே, எந்த வீட்டுக்கு, வேலைக்கு எவ்வளவு தூரத்தில் என்ற மூன்று கேள்விக்கும் முதலில் பதில் வேண்டும். தாழ்நிலத்தில் குடியிருப்பவர்கள் அங்கே ஆசைப்பட்டு வரவில்லை; அங்கேதான் வாடகை கட்ட முடிந்தது.

ஸ்ரீ கெம்பாங்கான் சுபாங் ஜெயா மாநகர் மன்றத்தின் கீழ் வருகிறது. தேக்கக் குளமும் நடைபாதையும் மரமும் கட்டட அனுமதியும் அங்கேதான் முடிவாகின்றன. உலக மாநாட்டில் இல்லை. உங்கள் தாமானின் தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகிறது என்று இந்த வாரம் கண்டுபிடியுங்கள். அந்தக் குளம் அரசிதழில் அறிவிக்கப்பட்டதா, கடைசியாக எப்போது வண்டல் வாரினார்கள் என்று இரண்டு கேள்வியை எழுதி, குடியிருப்பாளர் சங்கத்தின் கையெழுத்தோடு மன்றத்துக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.